சாவியை விட்டதும்

வடக்கிலிருந்து அனல்காற்று எழும்புவதற்கு முன்பே கிளெம் பென்ரோஸின் ஷெட்டில் சத்தம் ஆரம்பித்துவிடும். முதலில் தகரக் கதவு உருளும். அப்புறம் ஸ்டார்ட்டர் மோட்டார் கரகரவென்று சுற்றும். என்ஜின் பற்றிக்கொண்டு உறுமும். அப்பாடா, பிழைத்துக்கொண்டது என்று நினைப்பதற்குள் பொசுக்கென்று நின்றுவிடும். கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்காது. பிறகு மறுபடியும் கரகர. வேலிக்கு இந்தப் பக்கம் அடுப்படியில் டீ போட்டபடி நான் கேட்டுக்கொண்டிருப்பேன். அந்தக் கோடை முழுக்க இதே கூத்துதான்.

எங்கள் தெருவில் என்னை ஸ்னோ என்பார்கள். இளவயதிலேயே தலை வெளுத்துப்போனதால் வந்த பெயர். அம்மா வைத்த பெயரை இப்போது டாக்டர் மட்டும்தான் கூப்பிடுகிறார். போர்ட் பிரீயின் ஈய உலையில் வேலை பார்த்து ஓய்ந்தவன் நான். உலையின் புகைபோக்கி என் படுக்கையறை ஜன்னலில் தெரியும். அது எந்தப் பக்கம் புகைகிறது என்று பார்த்துத்தான் இந்த ஊரில் துணி காயப்போடுவார்கள். என் மனைவி ஜாய்ஸ் போன பிறகு எனக்குக் காயப்போட அதிகம் துணியும் இல்லை.

கிளெம் கார்களுக்கு மின்சார வேலை பார்த்தவன். துறைமுகத்துக்குப் போகும் வழியில் கடை வைத்திருந்தான். ஊரில் பாதிக் கார்களின் வயிற்றுக்குள் அவன் கை போய் வந்திருக்கும். அவன் மனைவி நெரீடா அந்தக் கடையில் போனை எடுப்பாள், பில் போடுவாள், கூட்டம் அதிகமானால் வயர் முனைகளையும் அழுத்திக்கொடுப்பாள். கடையை விற்றபோது அவர்கள் வைத்துக்கொண்ட ஒரே வண்டி, பச்சை நிற டிரையம்ப். இரண்டே இருக்கை, துணிக்கூரை, நீளமான மூக்கு. கோழிக்கூண்டாகக் கிடந்ததை வாங்கி, ஒவ்வொரு வயராக அவனே இழுத்து உயிர் கொடுத்தான்.

எங்கள் ஊரில் தை மாதம்தான் உச்சக் கோடை. அப்படி ஒரு நாள், சத்தம் தாங்காமல் வேலியைச் சுற்றிக்கொண்டு போனேன்.

"என்னடா கிளெம், பொழுது விடியறதுக்குள்ள ஊரையே எழுப்பிக்கிட்டு இருக்கே?"

"வாடா ஸ்னோ. இந்தக் கழுதைக்கு என்ன நோவுன்னு நீயே கேளு."

"என்ன சொல்லுது?"

"சாவியத் திருப்பிப் பிடிச்சிருக்கற வரைக்கும் ஓடுது. விட்டா செத்துடுது. இதுலேர்ந்து உனக்கு என்ன புரியுது?"

"எனக்கு என்னத்தப் புரியும்? நான் ஈயம் காய்ச்சினவன்."

"உன் மண்டைக்குள்ளயும் அதான் ஊத்தி வச்சிருக்கு. இங்க வா, குனி." அவன் பானெட்டுக்குள் விரலை நீட்டினான். விரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. "இதான் காயில். பொறிய உண்டாக்கறது இதுதான். பக்கத்துல இந்த வெள்ளைக் கட்டி இருக்கு பாரு, இது ரெசிஸ்டர். மின்சாரம் இது வழியா வந்தாத்தான் அளவா வரும். நேரா வந்தா காயில் வெந்துபோவும். ஆனா ஸ்டார்ட்டர் சுத்தறப்ப பேட்டரியில இருக்கறத எல்லாம் அதுவே குடிச்சிடும், காயிலுக்குப் பத்தாது. அதனால அந்தக் கொஞ்ச நேரத்துக்கு மட்டும் காயிலுக்கு ஒரு குறுக்கு வழி விட்டிருக்கான். சாவிய விட்டதும் குறுக்கு வழி அடைஞ்சிடும். அப்புறம் ரெசிஸ்டர் வழியாத்தான் வரணும்."

"சரி, அப்ப கோளாறு எங்க?"

"அட மக்கு. குறுக்கு வழி நல்லாத்தான் இருக்கு, இல்லைன்னா பத்திக்கவே பத்திக்காது. மத்த வழிதான் எங்கயோ அறுந்திருக்கு. ரெசிஸ்டர்ல இல்லைன்னா அதுக்கு வர்ற வயர்ல. மத்தியானத்துக்குள்ள பிடிச்சிடுவேன்."

சொல்லிவிட்டுக் கையைத் துடைத்தான். துடைத்த கந்தலைப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"ஜாய்ஸ் எப்படி இருக்கா? சனிக்கிழமை பந்து விளையாட வர்றாளா?"

ஜாய்ஸின் சவப்பெட்டியைச் சுமந்தவர்களில் அவனும் ஒருவன். முன் பக்கம், இடது தோள்.

"நல்லா இருக்கா கிளெம். வருவா," என்றேன். வேறென்ன சொல்வது?

நெரீடா பின்வாசலில் டீக் கோப்பைகளோடு நின்றிருந்தாள். ஒல்லியான, நெட்டையான பெண். கோபம் வந்தால் குரல் தாழும் ஜாதி. அவள் என்னைப் பார்க்கவில்லை. அவன் கை எந்த வயரைத் தொடுகிறது என்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவனுக்கு மறதி வந்து இரண்டு கோடை ஆகியிருந்தது. டாக்டர் எழுதிக்கொடுத்து லைசென்ஸை வாங்கிவிட்டார்கள். வாங்கியது அவனுக்கு நினைவிருந்தால்தானே? போன வசந்தத்தில் ஒருநாள் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். நெடுஞ்சாலையில் எதிர்த்திசையில், கூரையைத் திறந்து போட்டுக்கொண்டு, பாட்டுப் பாடிக்கொண்டு போயிருக்கிறான். ஆடுகளை ஏற்றி வந்த நீள லாரி ஒன்று அவனுக்காக ஒதுங்கிச் சரிவில் கவிழ்ந்தது. ஓட்டி வந்த பையனுக்கு இடுப்பு போயிற்று. சாலையெல்லாம் ஆடுகள். போலீஸ்காரர் கிளெமைக் கூட்டிக்கொண்டு வந்தபோது அவன் நெரீடாவிடம், "பாவம், யாரோ ஒருத்தன் லாரிய கவுத்துட்டான், உதவி பண்ணினேன், அதான் நேரமாயிடுச்சு," என்றானாம்.

மகள் கெரின் அடிலெய்டில் இருக்கிறாள். போனிலேயே கத்தினாள், அந்தச் சனியனை வித்துத் தொலை என்று. நெரீடா விற்கவில்லை. அது ஏன் என்பது எனக்குப் பிடிபடவே இல்லை.

ஒருநாள் கிளெமுக்கு விளக்குப் பிடிக்கப் போனேன். அவன் ஸ்டீயரிங்குக்குக் கீழே மல்லாந்து படுத்திருந்தான். நானும் தலையை உள்ளே விட்டேன். வயர்க் கட்டைச் சுற்றியிருந்த கறுப்பு டேப் எல்லாம் பழசாகிச் சாம்பல் பூத்திருந்தது. ஓரிடத்தில் மட்டும், விரல் அகலத்துக்கு, பளபளவென்று புது டேப்.

"கிளெம், இங்க பாரு..." என்று ஆரம்பித்தேன்.

"ஸ்னோ!" பின்வாசலிலிருந்து நெரீடாவின் குரல். தாழ்ந்த குரல். "கொஞ்சம் இங்க வா. நண்டு உடைக்க ஒரு கை வேணும்."

கொல்லைப்புற மேசையில் பழைய செய்தித்தாளை விரித்து, வேகவைத்த நண்டுகளைக் கொட்டியிருந்தாள். வேலிக்கு வெளியே செம்மண் புழுதி சுழன்றுகொண்டிருந்தது. நான் உட்கார்ந்தேன். அவள் ஒரு நண்டின் ஓட்டைப் பிரித்தாள்.

"பார்த்துட்டே, இல்ல?"

"நீதானா?"

"பின்ன ஆவியா வந்து பண்ணும்?"

"அடிப் பாவி. அந்த மனுஷன் நாள் முழுக்க வெயில்ல தகரத்துக்கடியில கிடந்து வேகறான்."

"தெரியும். நான்தான் தண்ணி கொண்டுபோய்க் குடுக்கறேன்."

"பேட்டரியத் தூக்கி என்கிட்டக் குடுத்திருக்கலாம்ல? சாவிய ஒளிச்சு வச்சா ஆச்சு."

"சாவிய ஒளிச்சேன். அடுக்கு, அலமாரி ஒண்ணு விடாம பிரிச்சுப் போட்டான். என் கைய முறுக்கினான். கிளெம், ஸ்னோ! என் மேல ஒரு நாளும் கை வைக்காதவன்." அவள் நண்டுக் காலை நெறித்தாள். "பேட்டரியக் கழட்டினேன். சாவியத் திருப்பினா ஒரு சத்தமும் வரல. அப்படியே சீட்டுல உட்கார்ந்துட்டான். சாயங்காலம் வரைக்கும். எழுப்பப் போனா, 'நான் செத்துட்டேனா?'ன்னு கேக்கறான்."

கையிலிருந்த நண்டைச் செய்தித்தாளிலேயே வைத்துவிட்டேன்.

"அப்பதான் யோசிச்சேன். பத்திக்கணும், ஆனா ஓடக் கூடாது. பத்திக்கிட்டா அவனுக்கு ஒரு நம்பிக்கை. நின்னுட்டா ஒரு வேலை. காலையில எந்திரிச்சுச் சட்டை மாட்டிக்கிட்டு ஷெட்டுக்குப் போறான் பாரு, அதுக்குத்தான். நான் அவன்கிட்ட கத்துக்கிட்டதத்தான் அவனுக்கே பண்ணறேன். முதல்ல ரெசிஸ்டர்லேர்ந்து வயர மட்டும் உருவி விட்டேன். டீ ஆறறதுக்குள்ள பிடிச்சுட்டான். அப்புறம் செத்த ரெசிஸ்டர் ஒண்ண மாட்டினேன். அதையும் பிடிச்சுட்டான், மத்தியானத்துக்குள்ள. இது மூணாவது. உள்ளுக்குள்ள அறுத்து மேல சுத்திட்டேன்."

"கண்டுபிடிச்சா?"

"கண்டுபிடிச்சா மறுபடியும் வேற இடத்துல அறுப்பேன்."

"இது துரோகம் நெரீடா."

"ஆமா," என்றாள். "நீ ஒரு வாரம் அவன் பக்கத்துல படுத்து எந்திரி. அப்புறம் வந்து எனக்குப் பேர் வை."

ஷெட்டில் மறுபடியும் என்ஜின் பற்றியது. நின்றது. நெரீடா நண்டுச் சதையை அவனுக்கென்று ஒரு கிண்ணத்தில் தனியாக எடுத்து வைத்தாள். ஓட்டுத் துண்டு ஏதாவது இருக்கிறதா என்று விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். நான் யாரிடமும் சொல்லவில்லை.

அந்த மூன்றாவதையும் அவன் பிடித்துவிட்டான். மாலையில் என் கொல்லைப்புற வாசலில் வந்து நின்றான். சட்டைப் பொத்தான்கள் மாறிப் போட்டிருந்தன, ஆனால் கண் பழைய கிளெமின் கண்.

"ஸ்னோ, கதவச் சாத்து. ஒரு விஷயம்."

"என்னடா?"

"யாரோ வேணும்னே பண்றாங்க."

"என்னது?"

"வயர அறுத்திருக்கான். எலி கடிச்சது இல்ல. கத்தி. அறுத்துட்டு டேப் சுத்தியிருக்கான் பாரு, சுத்தம்னா அப்படி ஒரு சுத்தம். ஒவ்வொரு சுத்தும் முந்தின சுத்து மேல அரைக்கு அரை ஏறி வர்ற மாதிரி. தொழில் தெரிஞ்சவன்டா. என் கடையில வேலை பார்த்த எவனோ."

"போலீஸ்கிட்ட..."

"வேண்டாம், வேண்டாம். நெரீடா காதுல விழுந்திடும். ஏற்கெனவே அவ சரியாத் தூங்கறதில்ல, என்னமோ கவலை அவளுக்கு. இது தெரிஞ்சா பயந்துடுவா. சத்தியம் பண்ணு."

பண்ணினேன். அப்படி ஒரு சத்தியத்தை எந்த மனுஷனும் பண்ணியிருக்க மாட்டான். மறுநாள் அவன் கடைத்தெருவுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போய்ப் பெரிய பூட்டு ஒன்று வாங்கினான். ஷெட்டைப் பூட்டினான். "நான் எங்கயாவது வச்சு மறந்துடுவேன்," என்று சொல்லி, சாவியை நெரீடாவின் கையில் கொடுத்தான். அவள் அதை வாங்கி ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள். குழாயைத் திறந்துவிட்ட சத்தம் ரொம்ப நேரம் கேட்டது.

நாலாவது முறை அவள் டேஷ்போர்டுக்குப் பின்னால், கை நுழையாத இடத்தில் அறுத்தாள். டேப்பின் மேல் கரியையும் புழுதியையும் பூசிவிட்டாள்.

அதை அவன் பிடிக்கவே இல்லை.

ஆரம்பத்தில், மின்சாரம் வந்தால் எரிகிற டெஸ்ட் லேம்பை எடுத்துக்கொண்டு ரெசிஸ்டரில் வைத்துப் பார்ப்பான், காயிலில் வைத்துப் பார்ப்பான், உதடு முணுமுணுக்கும். பிறகு ரெசிஸ்டரில் மட்டும் வைப்பான். எடுப்பான். மறுபடியும் அங்கேயே வைப்பான். ஒருநாள் நான் போனபோது விளக்கின் முனையை ரப்பர் டயரில் வைத்து, எரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான். கண்றாவி. நான் திரும்பி வந்துவிட்டேன்.

குளிர் வந்தது. வடக்குக் காற்று போய், வளைகுடாவிலிருந்து ஈரக் காற்று சேற்றுநாற்றத்தோடு வீசியது. கிளெம் பானெட்டைத் திறப்பதையே விட்டுவிட்டான். ஆனால் காலையில் ஷெட்டுக்குப் போவது மட்டும் நிற்கவில்லை. சீட்டில் உட்கார்ந்து சாவியைத் திருப்புவான். கரகர, உறுமல், நிற்கும். உறுமல் இப்போது முன்னைவிட நீளமாகக் கேட்டது. அதனடியில் ஸ்டார்ட்டர் கீச்சென்று கதறியது. அது ஏன் என்று எனக்கும் உறைக்கவில்லை. எல்லாம் தெரிந்த நெரீடாவுக்கும் அப்போது உறைக்கவில்லை.

ஓடையைத் தாண்டி இருக்கிற முதியோர் இல்லத்தில் அறை ஒன்று காலியானது. அந்த அறையில் இருந்தவர் போய்ச் சேர்ந்த மறுநாளே போன் வந்துவிட்டது. அந்த வாரத்தில்தான் கிளெம் விடியற்காலையில் பைஜாமாவோடு தண்டவாளத்தின்மேல் நடந்துகொண்டிருந்ததை யாரோ பார்த்துப் பிடித்து வந்திருந்தார்கள். கெரின் வெள்ளிக்கிழமை வந்து கூட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு.

வியாழக்கிழமை மத்தியானம் நெரீடா வேலியோரம் நின்று என்னைக் கூப்பிட்டாள். கையில் வயர் வெட்டுகிற குறடு.

"விளக்குப் பிடி வா."

"என்ன பண்ணப் போறே?"

"சரி பண்ணப் போறேன். அவன் தூங்கறான்."

"இப்ப எதுக்கு?"

"நாளைக்கு அவனக் கொண்டுபோய் விடறோம். அதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை ஓடட்டும் ஸ்னோ. ஷெட்டுலயே நின்னுக்கிட்டு ஓடட்டும். வெளிய விடமாட்டேன், சக்கரத்துக்குக் கட்டை வச்சுட்டேன். அவன் கை பட்டு அது ஓடணும். நான் ஜெயிச்சு, அவன் தோத்தவனாப் போகக் கூடாது."

அவள் குனிந்து டேஷ்போர்டுக்குப் பின்னால் முழங்கை வரை கையை விட்டாள். அறுத்தது அவள்தான் என்றாலும் அவளுக்கே எளிதில் எட்டவில்லை. முகத்தைத் தகரத்தில் அழுத்திக்கொண்டு, கண்ணை மூடி, விரலாலேயே தேடினாள். கன்னத்தில் கிரீஸ். நான் விளக்கைப் பிடித்தேன். அவள் இரண்டு முனைகளையும் சீவி, முறுக்கி, ஈயம் வைத்துப் பற்றவைத்து, டேப்பைச் சுற்றினாள். அரைக்கு அரை ஏறுகிற மாதிரிதான். எதற்கும் இருக்கட்டும் என்று ரெசிஸ்டரையும் புதிதாக மாற்றினாள். அப்புறம் அவளே சாவியைத் திருப்பினாள். பற்றியது. விட்டாள். நிற்கவில்லை. அவள் உடனே அணைத்துவிட்டாள்.

"அவன் முதல்ல கேக்கட்டும்," என்றாள்.

அடுப்பில் பாஸ்டி வைத்துவிட்டு வந்திருந்தாள். மாவு மடிப்புக்குள் இறைச்சியும் உருளைக்கிழங்கும் டர்னிப்பும் வேகிற வாசனை ஷெட் வரைக்கும் வந்தது. அவன் தூங்கி எழுந்ததும் முகம் கழுவி, தலை சீவி, நீலக் கம்பளிச் சட்டை மாட்டிக் கூட்டிக்கொண்டு வந்தாள். கிளெம் நடக்கிற நடையில் கால் தரையை உரசியது. காரைப் பார்த்ததும் கொஞ்சம் நிமிர்ந்தான்.

"நல்ல வண்டி," என்றான் என்னிடம்.

"உன் வண்டிதான்டா."

"அப்படியா? யார் சொன்னது?"

"உட்காரு கிளெம்," என்றாள் நெரீடா. "சாவியப் போடு. இன்னிக்கு ஓடும் பாரு."

உட்கார்ந்தான். சாவி எங்கே என்று கைக்குத் தெரிந்திருந்தது. திருப்பினான். கரகர. என்ஜின் பற்றிக்கொண்டது. ஆறு சிலிண்டரும் ஒரே சீராக, தொண்டையைச் செருமிக்கொண்டு, தகரச் சுவரெல்லாம் அதிர ஓடியது. நெரீடா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் வெட்கமில்லாமல் அழுதேன்.

ஆனால் ஸ்டார்ட்டர் நிற்கவில்லை. என்ஜினுக்கு மேலே அது கீச்சென்று கதறிக்கொண்டே இருந்தது.

"கிளெம், சாவிய விடு," என்றாள் நெரீடா.

அவன் விடவில்லை. கை சாவியைத் திருப்பியபடியே இறுகியிருந்தது.

"விடு கிளெம். ஓடுது பாரு. விடு."

"விட்டா செத்துடும்," என்றான்.

"சாகாது. சரி பண்ணியாச்சு. நான் சொல்றேன்ல, விடு."

"இல்ல. எனக்குத் தெரியும். பிடிச்சிருந்தா ஓடும். விட்டா செத்துடும்." அவன் முகத்தில் அவ்வளவு பயம். "எத்தனை தடவை பார்த்தாச்சு!"

ஸ்டார்ட்டரிலிருந்து எரிகிற நாற்றம் எழுந்தது. பானெட்டின் ஓரத்தில் நீலப்புகை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. குளிர்காலம் பூராவும் உறுமல் நீண்டது இதனால்தான். அத்தனை வருடம் கற்றதெல்லாம் ஒவ்வொன்றாக உதிர்ந்துபோன அந்த மண்டைக்குள், புதிதாக ஒன்றே ஒன்று ஏறி உட்கார்ந்திருந்தது. அதை ஏற்றி வைத்தவள் அவன் பக்கத்தில் மண்டியிட்டுக்கொண்டிருந்தாள்.

நெரீடா என்னைப் பார்த்தாள். அவளுக்கும் உறைத்துவிட்டது என்று அவள் கண்ணிலேயே தெரிந்தது. பிறகு அவன் விரல்களைப் பிடித்தாள். கட்டை விரலை முதலில் பிரித்தாள்.

"வேண்டாம் நெர். செத்துடும். வேண்டாம்..."

"ஒண்ணும் ஆகாது, என் ராஜா. ஒண்ணும் ஆகாது."

ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள். கடைசி விரலும் வந்தது. சாவி டக்கென்று திரும்பியது. ஸ்டார்ட்டரின் கதறல் நின்றது.

என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. இதைவிட நன்றாக அது ஓடி நான் கேட்டதில்லை. நெரீடா அவன் முகத்தையே பார்த்தபடி, "கேளு கிளெம். கேக்குதா? ஓடுது. உன் வண்டி ஓடுது," என்றாள்.

கிளெம் தலையைச் சாய்த்துக் கேட்டான். ரொம்ப நேரம் கேட்டான். அப்புறம் தலையை ஆட்டினான்.

"செத்துடுச்சு," என்றான். "சொன்னேன்ல?"

கதவைத் திறந்து மெல்ல இறங்கினான். மேசையில் கிடந்த கந்தலை எடுத்துக் கையைத் துடைத்தான், தினமும் துடைக்கிற மாதிரி, விரல் விரலாக. நெரீடா தரையிலேயே உட்கார்ந்திருந்தாள். போகிற வழியில் அவள் தோளில் ஒரு தட்டுத் தட்டினான்.

"வருத்தப்படாதே. நாளைக்குப் பார்ப்போம்," என்று சொல்லிவிட்டு பாஸ்டி வாசனை வந்த பக்கமாக வீட்டுக்குள் போனான்.

நாங்கள் இருவரும் அங்கேயே இருந்தோம். சாவி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. நான் அவளைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள். இரண்டு பேருக்குமே அதை அணைக்கக் கை வரவில்லை.